ஒலியின் காதுக்கு ஓர் உடல்

உள்ளுறுப்புகளைச் சிலிக்கோனில் அச்சு அசலாக வார்த்துவிட்டால், அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பயில்வோருக்கு அதுவே போதாதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கண்ணை ஏமாற்றும் பொம்மை ஒலியையும் ஏமாற்றிவிடாது என்பதே அதற்கு விடை.

எதிரொலி திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு கருவி ஆழத்தைக் கணக்கிடுவது நாம் அறிந்ததே. மென்திசுவில் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் செல்லும் என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. சிலிக்கோனில் ஒலியின் வேகம் ஏறத்தாழ 1000 மீட்டர்தான் என்பதால், அதில் 5 செ.மீ. ஆழத்தில் பதித்த இரத்தக்குழாய் திரையில் 7.7 செ.மீ. ஆழத்தில் தெரியும். எனவேதான் நீர் மிகுந்த ஜெலட்டினையோ, கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகாரையோ எடுத்து, கிளிசரால் கலந்து வேகத்தைச் சரிசெய்கிறார்கள்.

ஆனால் வெறும் ஜெலட்டினை உறையவைத்து ஸ்கேன் செய்தால் திரை கருமையாகவே இருக்கும். திரையைப் பார்த்தபடி குத்திப் பழகும் ஊசி அந்த இருட்டில் பளிச்சென்று தெரிவதால், பயில்பவருக்குப் பொய்யான தன்னம்பிக்கைதான் வளரும். உண்மையான கல்லீரல் சாம்பல் நிறத்தில் பொரிப்பொரியாகத் தெரியும். அந்தப் பொரி ஒவ்வொன்றும் ஓர் உயிரணு என்று எண்ணிவிடக் கூடாது. 5 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 0.3 மி.மீ.; அதைவிட நுண்ணிய எண்ணற்ற கூறுகளில் பட்டுச் சிதறும் அலைகள், ஓரிடத்தில் கூடி வலுத்தும் வேறோரிடத்தில் ஒன்றையொன்று அழித்தும் வரையும் கோலமே அது. திசுவின் நுண்ணமைப்பைப் பிரதியெடுக்கத் தேவையில்லை, நுண்ணிய கிராஃபைட் தூளைக் கலந்தாலே ஒலி அதே கோலத்தைப் போட்டுவிடும் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. தூளே இல்லாத பகுதி நீர்க்கட்டியாகவும், தூள் மிகுந்த பகுதி வெண்ணிறக் கட்டியாகவும் தோன்றும்.

கலக்குவதில்தான் தொல்லை. விட்டுவிட்டால் தூள் அடியில் படியும். வேகமாகக் கலக்கினால் காற்றுக்குமிழிகள் புகும். குமிழி ஒலியை ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பியனுப்பி, தனக்குக் கீழே நிழல் வீழ்த்தும். கூழ் கெட்டிப்படத் தொடங்கும்வரை பொறுமையாகக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். புதிய கருவிகளுக்குத் தாராளமாகக் கிடைக்கும் ஆய்வுநிதி இத்தகைய கைவேலைக்கு வருவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

குத்திய ஊசியை உருவும்போதும் அதன் தடத்தில் காற்று தங்கி, திரையில் வெண்கோடாகத் தெரியும். அடுத்து வருபவர் தேடாமலேயே அந்தக் கோட்டைப் பற்றிக்கொண்டு இலக்கை அடைந்துவிடுவார். அந்நிலையில் ஜெலட்டினை இளஞ்சூட்டில் உருக்கி மீண்டும் வார்த்தால் போதும், பழைய தடங்கள் மறைந்துவிடும்.