94 டிகிரிதானே என்று வெளியே நடப்பவர்களுக்கு

டெக்சாஸ் மாநிலத்தில் ஹியூஸ்டன் நகரை உள்ளடக்கிய ஹாரிஸ் கவுண்டியில் மருத்துவம் பார்க்கும் நான், ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கடி கேட்கும் பேச்சு, "நாங்கள் பார்க்காத வெயிலா, டாக்டர்?" என்பது. பிள்ளைகளோடு சில மாதங்கள் தங்க வரும் பெற்றோரே பெரும்பாலும் இப்படிச் சொல்கிறார்கள். மதுரையிலும் வேலூரிலும் 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைக் கண்டவர்களுக்கு இங்குள்ள 94 டிகிரி ஒரு பொருட்டாகத் தெரிவதில்லை. சென்னைக்காரர்கள் மட்டும் சற்றுத் தயங்குவார்கள்; கடலோரப் புழுக்கம் அவர்களுக்குப் பழகியது.

மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வீசும் காற்று கோடை முழுவதும் இங்கே ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. 94 டிகிரி வெப்பத்துடன் 60 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால், உடல் உணரும் வெப்பம் 110 டிகிரி, அதாவது ஏறத்தாழ 43 செல்சியஸ் ஆகிவிடும். அதுவும் நிழலில் நிற்பவருக்கான கணக்கு. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஈரக்காற்றில் அது ஆவியாகாமல் வழிந்தோடுவதால், உடல் நீரையும் உப்பையும் இழந்தும் சூடு தணிவதில்லை.

சென்ற கோடையில் எழுபது வயதைக் கடந்த ஒருவரைத் தலைசுற்றலோடு அழைத்துவந்தார்கள். வெயில் ஏறுமுன் நடந்துவிட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், காலை ஏழு மணிக்கு ஒரு மணி நேரம் நடந்திருக்கிறார். இவ்வூரில் விடியற்காலையில்தான் ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டி நிற்கும் என்பதையும், இரத்த அழுத்தத்துக்காக அவர் உட்கொள்ளும், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உடலின் நீரை மேலும் குறைக்கும் என்பதையும் அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அத்தகைய மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பேச்சு குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ அது வெறும் களைப்பன்று. உடனே 911-ஐ அழைத்துவிட்டு, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைத் தணிக்காது. தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் புகட்டுவதும் ஆபத்து.

ஏசி இருக்கிறதே என்பார்கள். 2024 ஜூலை 8 அன்று கரையேறிய பெரில், புயல் வகைப்பாட்டில் மிகக் குறைந்ததான முதல் நிலையைச் சேர்ந்ததுதான். ஆயினும் ஹியூஸ்டன் வட்டாரத்தில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் நின்றது. பல வீடுகளில் அது திரும்பப் பல நாள்கள் ஆயின. அந்த வெக்கையில் இறந்தவர்களும் உண்டு. கோடை இரவிலும் வெப்பம் 75 டிகிரியை ஒட்டியே நிற்கும் ஊரில், சன்னலைத் திறந்து வைப்பதால் பெரிய பயனில்லை. ஜெனரேட்டரைக் கார் நிறுத்தும் கொட்டகைக்குள் ஓடவிடுவதோ அதைவிடக் கொடியது, ஏனெனில் அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது. அதனால்தான் இப்போதெல்லாம் முதியவர்களை அழைத்துவரும் பிள்ளைகளிடம், மின்சாரம் போனால் அன்றிரவு அப்பா அம்மாவை எங்கே தங்க வைப்பீர்கள் என்று கேட்டு, அந்த முகவரியை மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.