அரக்கு கலர் பிளவுஸும் அரை டிகிரி சூரியனும்

எங்க அக்கா வீட்டுல இருந்தே ஆரி ஒர்க் பிளவுஸ் போட்டுக் குடுக்குறா, போட்டோ எடுக்குறது என் டூட்டி. போன வருஷம் ஒரு அரக்கு கலர் பிளவுஸ் திரும்பி வந்துருச்சு. "போட்டோல பழம்புளி கலர்ல இருந்துச்சு, கையில வந்தது சிவப்பா இருக்கு"ன்னு கஸ்டமர் சொன்னாங்க, அவங்க மேல தப்பே இல்ல. நான் வாங்கி வெச்சிருந்த மலிவான எல்இடி பேனல் பண்ணின வேலை அது. ஆனா அதப் புரிஞ்சுக்கவே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு, அதுவரைக்கும் கேமராவத்தான் திட்டிட்டு இருந்தேன்.

விஷயம் என்னன்னா, வெள்ளை எல்இடி நிஜத்துல வெள்ளையே இல்ல. உள்ள இருக்குறது நீல எல்இடி, அதுக்கு மேல மஞ்சளா பாஸ்பர்னு ஒரு பூச்சு. நீலத்துல கொஞ்சம் அந்தப் பூச்சுல பட்டு மஞ்சளா மாறுது, மிச்ச நீலமும் அந்த மஞ்சளும் சேர்ந்து நம்ம கண்ணுக்கு வெள்ளைன்னு தெரியுது. (அந்த நீல எல்இடியக் கண்டுபிடிச்சதுக்குத்தான் 2014ல அகாசாகி, அமானோ, நகாமுரான்னு மூணு பேருக்கு பிசிக்ஸ் நோபல் குடுத்தாங்க.) பாஸ்பர் மட்டமா இருந்தா ஆழமான சிவப்பு ரொம்பக் கம்மியாத்தான் வரும். அரக்கு துணி சிவப்பத் திருப்பி அனுப்பத் தயாராத்தான் இருக்கு, ஆனா லைட்டுல இருந்து சிவப்பு வந்தாத்தானே அனுப்பும்? வராத வெளிச்சத்த அப்புறம் உக்காந்து எடிட்டிங்ல இழுத்தா மத்த கலரெல்லாம் கோணிக்கிட்டுப் போகும், அரக்கு மட்டும் வராது.

டப்பால சிஆர்ஐ 80னு போட்டிருந்துச்சு, அதாவது அந்த லைட்டுல கலரெல்லாம் எவ்ளோ சரியாத் தெரியும்ங்கறதுக்கான மார்க், நானும் நூத்துக்கு எம்பது, ஃபர்ஸ்ட் கிளாஸ்தானேன்னு வாங்கிட்டேன். அந்த நம்பர் எட்டு வெளிறுன கலர்ல டெஸ்ட் பண்ணி எடுத்த ஆவரேஜ், அழுத்தமான சிவப்பு அந்த எட்டுல கிடையாது. அதுக்குத் தனியா ஆர்9னு ஒரு மார்க் இருக்கு, சிஆர்ஐ 80 இருக்குற லைட்டுக்கு ஆர்9 பூஜ்யத்துக்குப் பக்கத்துல கூட இருக்கலாம். மனுஷத் தோலுலயும் சிவப்புதான் உயிர், அதனாலதான் மட்டமான ரிங் லைட்டுல மூஞ்சி காய்ச்சல்ல கெடந்து எழுந்த மாதிரி தெரியுது. எல்இடிதான் வாங்குவேன்னா சிஆர்ஐ 95க்கு மேல பாருங்க, ஆர்9 என்னன்னு கேளுங்க, கடைக்காரர் முழிச்சா வேற கடை. அப்படியே லைட்டக் கொறச்சு வெச்சு போன்ல ஸ்லோமோஷன் வீடியோ எடுத்துப் பாருங்க, கோடு கோடா ஓடுச்சுன்னா அது உள்ளுக்குள்ள படபடன்னு அணைஞ்சு அணைஞ்சு எரியுதுன்னு அர்த்தம், வேணாம்.

இப்ப வாட் கதைக்கு வருவோம். 40 வாட் எல்இடின்னா ஒரு செகண்டுக்கு 40 ஜூல். ஆனா நீங்க போட்டோ எடுக்குறது 1/100 செகண்டுல, அந்த நேரத்துல லைட்டு இழுத்தது வெறும் 0.4 ஜூல். சின்ன ஸ்பீட்லைட், அதான் கேமரா தலையில மாட்டுற ஃப்ளாஷ், வேலை செய்யிறதே வேற மாதிரி. பென்சில் பேட்டரி நாலு போட்டா அது அந்த சில்லறை வோல்ட்ட 300 வோல்ட் வாக்குல ஏத்தி ஒரு கெப்பாசிட்டர்ல தேக்கி வெக்கும், ஆன் பண்ணதும் ‘கொய்ங்ங்’னு ஒரு சத்தம் வருமே அது அந்த ஏத்துற வேலைதான். பட்டன அமுக்குனா செனான் வாயு அடைச்ச குழாய்ல சில ஆயிரம் வோல்ட்ல ஒரு தட்டு, வாயு கரண்டு கடத்த ஆரம்பிச்சதும் தேக்கினதெல்லாம் 1/1000 செகண்டு வாக்குல கொட்டித் தீந்துரும். அது ஏறக்குறைய 60, 70 ஜூல். மின்சாரத்த வெளிச்சமா மாத்துறதுல எல்இடிதான் கெட்டிக்காரன், ஒத்துக்குறேன், இருந்தாலும் 0.4 எங்க 60 எங்க. அதோட செனான் வெளிச்சம் பகல் வெளிச்சம் மாதிரி எல்லாக் கலரும் கலந்தது, அரக்கு அரக்காவே வந்துச்சு. நல்ல ரீசார்ஜபிள் பேட்டரி போட்டா ஃபுல் பவர்லயே இருநூறு தடவை கிட்ட அடிக்கலாம், கரண்டு போனாலும் கவலையில்ல. ஒண்ணே ஒண்ணு, பழசாயிருச்சுன்னு அதப் பிரிச்சு மேயாதீங்க, அந்தக் கெப்பாசிட்டர் பேட்டரியக் கழட்டுனப்புறமும் அடிக்கும், சின்ன அடி இல்ல.

போன்ல எடுக்குறவங்களுக்கு இது ஆவாது. போன் சென்சார் படத்த மேல இருந்து கீழ வரிவரியாப் படிக்கும், ஃப்ளாஷ் அதுக்குள்ள வந்துட்டுப் போயிரும். உங்களுக்கு நல்ல எல்இடி, இல்ல ஜன்னல். கேமரா வெச்சிருக்கவங்க ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 100, எஃப்8 வெச்சு ஃப்ளாஷ் இல்லாம ஒண்ணு எடுத்துப் பாருங்க, ரூம்ல டியூப்லைட் எரிஞ்சிட்டே இருந்தாலும் படம் கும்மிருட்டாத்தான் வரும். அப்ப டியூப்லைட்டோட கலர் படத்துக்குள்ள வர வழியே இல்லாமப் போச்சு, இந்த ஒரு லாபத்துக்கே ஃப்ளாஷ் வாங்கலாம்.

ஆனா ஃப்ளாஷ நேரா அடிச்சுட்டு "என்ன இவ்ளோ கேவலமா இருக்கு"ன்னு கேக்காதீங்க. நெழல் முரடா விழுறதும் மெத்துன்னு விழுறதும், பொருள் நிக்கிற எடத்துல இருந்து பாத்தா லைட்டு எவ்ளோ பெருசாத் தெரியுதுங்கறதப் பொறுத்தது. சூரியன் பூமிய விட நூறு மடங்குக்கு மேல அகலம், ஆனா 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்குறதால அரை டிகிரி அகலந்தான் தெரியுது, மத்தியான வெயில்ல நெழல் கத்தி மாதிரி விழுறது அதனாலதான். ஒரு மீட்டர் அகல வெள்ளைக் குடைய பிளவுஸ்ல இருந்து ஒரு மீட்டர்ல நிறுத்தி, அதுக்குள்ள ஃப்ளாஷ அடிச்சா அம்பது டிகிரிக்கு மேல அடைச்சிக்கிட்டு நிக்கும். அப்படின்னா நம்ம குடை சூரியன விட நூறு மடங்கு அகலம்! குந்தன் கல்லு, ஜரிகை இதெல்லாம் குட்டிக் குட்டிக் கண்ணாடிங்க, வெறும் ஃப்ளாஷுக்கு ஊசிக் குத்தா வெள்ளப் புள்ளி அடிக்கும், குடை வெச்சா அந்தக் குடையே பளபளப்பா ஜரிகை மேல படுத்துக்கும்.

தூரத்துக்கு இன்னொரு வேலை இருக்கு. தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் கிட்டத்தட்ட கால்வாசி ஆயிரும். பிளவுஸ் குடையில இருந்து ஒரு மீட்டர், பின்னாடி செவுரு ரெண்டு மீட்டர்னா செவுரு தானா இருட்டிக்கும். பேக்ரவுண்ட் துணிக்குக் காசு செலவு பண்றதுக்கு முன்னாடி பிளவுஸ் மாட்டின பொம்மையயும் குடையயும் கொஞ்சம் முன்னாடி நகத்திப் பாருங்க.

அதனால நான் சொல்ற லிஸ்ட் ரொம்பச் சின்னது. மேனுவலா பவர் மாத்துற ஸ்பீட்லைட் ஒண்ணு, கேமரால இருந்து தள்ளி வெச்சு அத அடிக்க வெக்கிற ட்ரிக்கர், ஸ்டாண்டு, வெள்ளக் குடை, எதிர்ப்பக்க நெழல் தூக்க ஸ்டேஷனரி கடையில ஒரு தெர்மாகோல் ஷீட். ரெண்டாவது லைட்டு இப்ப வேணாம். சாஃப்ட்பாக்ஸ், அதான் முன்னாடி வெள்ளத் துணி போட்ட லைட்டுப் பொட்டி, நல்லாத்தான் இருக்கும், ஆனா பத்துக்குப் பத்து ரூம்ல குடை மாதிரி மடக்கி பீரோ இடுக்குல சொருக முடியுமா? குடைக்கு ஒரு குறை இருக்கு, வெளிச்சத்த நாலாபக்கமும் எறைக்கும், செவுருல பட்டுத் திரும்பி வர்றதும் படத்துல ஏறும். எங்க ரூம் பிஸ்தா பச்சை. சிவப்புல கொஞ்சத்தத் தின்னுட்டு மிச்சத்தத் திருப்பி அனுப்புற செவுரு, மறுபடியும் அரக்குக்கு ஆபத்து. அந்தப் பக்கம் அப்பாவோட பழைய வெள்ள வேட்டியத் தொங்க விட்டேன், சரியாப் போச்சு.

அப்புறம், குடை விரிச்சிருக்கும்போது ஃபேனப் போடாதீங்க. ஸ்டாண்டு கால்ல அஞ்சு கிலோ அரிசிப் பைய மாட்டிருங்க. எங்க வீட்டுல ஒரு தடவை குடை, ஃப்ளாஷ், ஸ்டாண்டு மூணும் சேர்ந்து அக்காவோட மணி டப்பா மேல சாஞ்சு, இன்னைக்கு வரைக்கும் பெருக்கும்போது கட்டிலுக்கடியில இருந்து பாசிமணி வந்துட்டே இருக்கு.