ஒரு நியாயமா, இரண்டா?

"எல்லா நாடுகளின் செயற்கை நுண்ணறிவுக் கொள்கைகளிலும் ‘நியாயம்’ என்ற சொல் வருகிறதே, அதை இயந்திரத்துக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பல நாட்களாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி இது.

கனடாவும் சீனாவும் 2017-இல் தேசிய உத்திகளை வெளியிட்டன. பிரான்சும் இந்தியாவும் 2018-இல். யுனெஸ்கோவின் நெறிமுறைப் பரிந்துரை 2021 நவம்பரில் வந்தது. தனியுரிமை, வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை எல்லாம் அவற்றில் உண்டு. அவற்றைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நியாயம் என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் கணக்கைத்தான் யாரும் எடுத்துக்காட்டுவதில்லை.

நூறு பேர் கொண்ட இரண்டு குழுக்கள் கடன் கேட்கின்றன. முதல் குழுவில் 50 பேர் கடனைத் திருப்பிக் கட்டமாட்டார்கள். இரண்டாவதில் 20 பேர். இயந்திரம் இரு குழுக்களையும் ஒரே தராசில் நிறுக்கிறது: கட்டாதவர்களில் 80 சதவீதத்தினரைப் பிடிக்கிறது, அது ‘ஆபத்து’ என்று குறித்தவர்களில் 80 சதவீதத்தினர் உண்மையிலேயே கட்டாதவர்கள். இதைவிடச் சமமாக நடத்த முடியுமா?

இப்போது எண்ணிப் பாருங்கள். முதல் குழுவில் 40 பேர் சரியாகப் பிடிபட, 10 பேர் வீணாக மாட்டுகிறார்கள். ஒழுங்காகக் கட்டக்கூடிய 50 பேரில் 10 பேர், அதாவது 20 சதவீதம். இரண்டாவது குழுவில் 16 பேர் சரியாக, 4 பேர் வீணாக. அங்கே ஒழுங்கானவர்கள் 80 பேர்; அவர்களில் 4 பேர் என்றால் 5 சதவீதம்தான். நாணயமானவர் முதல் குழுவில் பிறந்துவிட்டால், அவர்மீது வீண்பழி விழும் வாய்ப்பு நான்கு மடங்கு! இயந்திரத்தில் எந்தக் கோளாறும் இல்லை, எவரும் வஞ்சகம் செய்யவில்லை. அடிப்படை விகிதம், அதாவது ஒவ்வொரு குழுவிலும் கட்டாதவர்களின் பங்கு, வேறுபட்டதும் எண்களே இப்படிப் பிரிந்துவிடுகின்றன.

அமெரிக்காவில் இது நிஜமாகவே நடந்தது. கைதானவர் மீண்டும் குற்றம் செய்வாரா என்று கணிக்கும் ‘காம்பாஸ்’ மென்பொருளை 2016-இல் புரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம் ஆராய்ந்தது. மீண்டும் குற்றம் செய்யாத கறுப்பினத்தவரில் சுமார் 45 சதவீதத்தினர் ‘ஆபத்தானவர்’ என்று குறிக்கப்பட்டிருந்தனர். வெள்ளையரில் அது சுமார் 23 சதவீதம். ‘ஆபத்து’ என்ற குறிப்பு இரு இனத்தவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் பலிக்கிறது என்று மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் பதில் சொன்னது. இரண்டு தரப்பும் சொன்னது சரிதான். அடிப்படை விகிதங்கள் வேறுபடும்போது, குறிப்பு ஒரே அளவில் பலிப்பது, பிழை விகிதங்கள் (வீண்பழி, தப்பவிடுதல் இரண்டும்) சமமாக இருப்பது என்ற இந்த இரண்டு நியாயங்களையும், எவரையும் வீணாக மாட்டிவிடாத கணிப்பானைத் தவிர வேறு எதனாலும் ஒருசேர நிறைவேற்ற முடியாது என்று அதே ஆண்டில் ஆய்வாளர்கள் நிறுவினார்கள்.

ஆகவே ‘நியாயமாக இருக்க வேண்டும்’ என்று எழுதிவிட்டு நகரும் கொள்கை, முடிவெடுக்கும் பொறுப்பை நிரலாளரின் மேசைக்குத் தள்ளிவிடுகிறது. எந்தப் பிழையை யார் சுமப்பது என்பதை மக்கள் மன்றம் தீர்மானிக்க வேண்டும். இயந்திரங்களை உருவாக்கக் கோடிகளை ஒதுக்கும் அரசுகள், அவற்றைச் சுயேச்சையாகத் தணிக்கை செய்பவர்களுக்கும் சட்டப்படி ஒரு பங்கை ஒதுக்கியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எண் பொய் சொல்லாது என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான்: காம்பாஸ் சர்ச்சையில் இரு தரப்பும் எண்ணியது குற்றம் செய்தவர்களை அல்ல, மீண்டும் கைதானவர்களை.