வேனுக்குள் ஹீட்டர்: கிலோவாட் கணக்கை அப்புறம் பார்க்கலாம்

மார்கழி நெருங்கினால் எங்கள் பட்டறையில் இதே பேச்சுதான். "அண்ணே, கொடைக்கானல்ல வண்டியிலேயே படுக்கப் போறோம். ஒரு ஹீட்டர் போட்டு விட்டுருங்க." கேரவன் என்றால் ஷூட்டிங் வண்டி என்றிருந்த மதுரையில், இப்போது பழைய டெம்போ டிராவலரை வாங்கி உள்ளே கட்டிலும் சமையல் மேடையும் அடித்துக்கொள்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எல்லாரும் எடுத்த எடுப்பில் விசாரிப்பது விலையும் கிலோவாட்டும்தான். நான் பார்ப்பது வேறு: நெருப்பு எந்தக் காற்றில் எரிகிறது, புகை எங்கே போகிறது? கதவைச் சாத்திவிட்டால் ஒரு வேனுக்குள் பத்துப் பன்னிரண்டு கன மீட்டர் காற்று இருந்தால் அதிகம். அதில் நான்கு பேர் மூச்சு விட வேண்டும். நெருப்புக்கும் அதிலேயே பங்கு கொடுக்க முடியாது.

கரி அடுப்பு விஷயத்தை மட்டும் நான் கறாராகச் சொல்லிவிடுவேன். வெளியே பார்பிக்யூ போட்டுச் சாப்பிட்டுவிட்டு, மிச்சக் கங்கைத் தட்டோடு உள்ளே எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். "புகையே வரலையேண்ணே" என்பதுதான் சமாதானம். புகை அடங்கி, நீறு பூத்துக் கிடக்கும் கங்கிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு தாராளமாக வருகிறது. அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். மூச்சு முட்டினால் முழிப்பு வந்துவிடும் என்று நம்பாதீர்கள். மூச்சு முட்டாது, தூக்கம்தான் இன்னும் ஆழமாகும். ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்தாலும் கரி கரிதான். எஞ்சினை ஓடவிட்டு, வண்டி ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்குவதும் இதே கதை. சைலன்சரில் ஒரு சின்ன ஓட்டை இருந்தால் போதும்.

சிலிண்டர் மேல் மாட்டும் கேஸ் ஹீட்டரும் உள்ளே இருக்கும் காற்றில்தான் எரிகிறது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் மேல் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். காலையில் கூரைத் தகட்டிலிருந்து சொட்டும், மெத்தை நசநசவென்று இருக்கும். போதாததற்கு, கசிந்தால் கேஸ் தரையில் படியும், நாம் படுப்பதும் அங்கேதான்.

கரண்ட் ஹீட்டர் பாதுகாப்பானது, ஆனால் பேட்டரியை நம்பி வாங்க வேண்டாம். 1,000 வாட் ஹீட்டர் 12 வோல்ட் பேட்டரியில் இன்வெர்ட்டர் வழியாக 90 ஆம்பியர் வரை இழுக்கும். 150 ஆம்பியர் அவர் பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது. தங்கும் இடத்தில் பிளக் பாயின்ட் கிடைக்கும் என்றால் ஆயில் நிரப்பிய ஹீட்டர் ஒன்றை எடுத்துப் போங்கள், வேறெதுவும் தேவையில்லை.

பிளக் கிடைக்காத இடத்தில் தங்குவோருக்கு நான் சொல்வது டீசல் ஏர் ஹீட்டர். குளிர் நாட்டு லாரிகளிலும் சின்னப் படகுகளின் கேபினிலும் ஓடுகிற அதே சாமான். (வைகை அணைப் படகுக்கு இதைக் கேட்டு யாரும் இதுவரை வரவில்லை.) எரிவதற்கான காற்று வெளியிலிருந்து ஒரு குழாயில் வரும், புகை இன்னொரு குழாயில் வெளியே போகும். நமக்கு வருவது சூடேறிய அறைக் காற்று மட்டும்தான். படகில் புகைக்குழாயைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே பக்கவாட்டில் எடுத்து, அலை ஏறாமல் இருக்க உள்ளே மேல்நோக்கி ஒரு வளைவு கொடுப்பார்கள். வேனில் அந்த வளைவு தேவையில்லை. ஆனால் வண்டி அடியிலேயே குழாயை முடித்துவிடுகிறார்களே, அதுதான் வினை. தரைப் பலகையின் இடுக்கு வழியாகப் புகை மேலே ஏறும். குழாயின் வாய், வண்டியின் ஓரம் வரை வர வேண்டும். ஜன்னல், கதவு, காற்று இழுக்கும் குழாய் எதற்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ராத்திரி நிறுத்தும்போது அந்தப் பக்கம் சுவரோ புதரோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கிலோவாட். "ஒரே விலைதானே, 5 போடுங்க" என்பார்கள். கொடைக்கானலில் குளிர்கால ராத்திரி 8 டிகிரி வாக்கில் இருக்கும், உள்ளே 20 இருந்தால் போதும். சுவரிலும் கூரையிலும் இன்சுலேஷன் ஷீட் ஒட்டிய வேனுக்கு 2 கிலோவாட் தாராளம். 5 கிலோவாட் ஹீட்டர் சின்ன இடத்தை நொடியில் சூடாக்கிவிட்டு ராத்திரி முழுக்கக் குறைந்த தீயிலேயே ஓடும். அப்படி ஓடினால் உள்ளே கரி பிடிக்கும்.

கரி பிடிக்க இன்னொரு காரணம் நம் ஊருக்கே உரியது. மதுரை கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் சொச்சம். கொடைக்கானல் 2,100 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே பட்டறையில் அருமையாக எரிந்த ஹீட்டர், மேலே போனதும் காற்றுக்கு மிஞ்சிய டீசலைக் குடித்துக் கறுப்பாகப் புகைக்கும். அதனால் உயரத்துக்கு ஏற்பத் தானே டீசலைக் குறைத்துக்கொள்ளும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இதில் மட்டும் காசு பார்க்க வேண்டாம்.

காலையில் ஹீட்டரை அணைக்கும்போது, சுவிட்சை ஆஃப் செய்த பிறகும் ஃபேன் சில நிமிடம் ஓடித்தான் நிற்கும். அதற்குள் மெயினைப் பிடுங்கினால் உள்ளே வெந்துபோகும். வண்டியில் என்ன மாற்றம் செய்தாலும் ஆர்டிஓ அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

எந்த ஹீட்டரானாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் நான் வண்டியைத் திருப்பித் தருவதில்லை. வண்டிக்கும் படகுக்கும் ஆனது இஎன் 50291-2 என்ற தரம், அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். படுத்தால் தலை இருக்கும் உயரத்தில் மாட்டுங்கள்.

ராத்திரி ஒருவருக்குத் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்றால் மலைப்பாதை வாந்தி என்று ஒதுக்காதீர்கள். எல்லாரையும் எழுப்பி வெளியே கொண்டுவந்து 108-ஐக் கூப்பிடுங்கள். கொரோனா நேரத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்து "98 காட்டுது" என்று திரும்பப் படுக்க வைக்க வேண்டாம். அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் எது, கார்பன் மோனாக்சைடு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆஸ்பத்திரியில் "வண்டிக்குள் ஹீட்டர் ஓடியது" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். உடனே ஆக்சிஜன் வைப்பார்கள்.