கிளட்ச் பிளேட்டை மாற்றும் முன் அந்த ரப்பர் ஹோஸைப் பாருங்கள்

மறுபடியும் அதே கதை. முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, அதாவது மியாட்டா, 1.6 லிட்டர் எஞ்சின், மேனுவல் கியர். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் புதிது. கியர்பாக்ஸ் ஆயிலும் புதிது. இவ்வளவு செலவுக்குப் பிறகும் நான்கிலிருந்து மூன்றுக்கு இறக்கினால் எஞ்சின் ஒரு நொடி திணறி, பிறகு வெடுக்கென்று பாய்கிறது. செலவு செய்ததில் ஒரு பொருள்கூட இந்தத் திணறலுக்குச் சம்பந்தப்பட்டது இல்லை.

"கியர் குறைக்கும்போதுதானே வருகிறது, அப்படியென்றால் கியர்பாக்ஸ்தானே?" என்று கேட்கிறார்கள். இல்லை. கிளட்ச் பெடலை முழுவதும் மிதித்த அந்த வேளையில் எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி. இரண்டுக்கும் நடுவில் பிடிப்பே கிடையாது. கியர் குறைக்கையில் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு தட்டி ஆர்பிஎம்மை, அதாவது எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கையை, ஏற்றுகிறீர்களே, அது அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. அப்போது எஞ்சின் ஏற மறுத்தால், அதனோடு இணைப்பே இல்லாத கியர்பாக்ஸ் எப்படிக் காரணமாகும்? கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தால் எஞ்சின் தடையில்லாமல் சுற்றும், வண்டிதான் நகராது. கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ தேய்ந்திருந்தால் கரகரவென்று சத்தம் வரும், கியர் விழாது. திணறல் இந்த இரண்டிலும் சேராது. கியர்பாக்ஸை இறக்கச் சொல்வதற்கு முன் தயவுசெய்து இதை நினைத்துப் பாருங்கள்.

அந்தத் தட்டில் எஞ்சின் எவ்வளவு ஏற வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1.6 வண்டியின் ஃபைனல் டிரைவ், அதாவது கியர்பாக்ஸுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள பல்சக்கர விகிதம், 4.3. மூன்றாம் கியர் 1.33, நான்காம் கியர் 1.0. டயர் 185/60 ஆர்14. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நான்காம் கியரில் ஏறக்குறைய 3,950 ஆர்பிஎம், மூன்றில் 5,250. கண்ணிமைக்கும் நேரத்தில் 1,300 ஏற வேண்டும். அளவான காற்றும் சரியான தீப்பொறியும் இருந்தால் இந்த எஞ்சினுக்கு அது ஒரு வேலையே இல்லை.

பரிசோதனை இரண்டு நிமிடம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, 3,000 ஆர்பிஎம்மில் பிடியுங்கள். காலை முழுவதும் எடுங்கள். முள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே லேசாக ஒரு தட்டு. உடனே ஏறினால் நல்லது. ஒரு கணம் திணறிவிட்டு ஏறினால் கோளாறு எஞ்சினிலேயே இருக்கிறது. அடுத்தது, ஆளில்லாத நேரான சாலையில், மூன்றாம் கியரில் 3,500. கிளட்ச் தொடாமல் காலை எடுத்து, ஒரு நொடி விட்டு, மெதுவாக மறுபடி மிதியுங்கள். நியூட்ரலில் நன்றாக இருந்து இங்கே மட்டும் திணறினால், எஞ்சினுக்குக் காற்று போகும் ரப்பர் ஹோஸையும், அந்தக் காற்றுவழியைத் திறந்து மூடும் திராட்டிலில் உள்ள சுவிட்சையும் சந்தேகப்படலாம்.

இனி ஹோஸ். இந்த 1.6 எஞ்சினில் காற்றை அளப்பது ஒரு மடல். ஏர்ஃபில்டர் பெட்டியை ஒட்டியிருக்கும் ஏர்ஃப்ளோ மீட்டருக்குள், காற்று தள்ளத் தள்ள அந்த மடல் திறக்கும். அது எவ்வளவு திறந்ததோ அதை வைத்துத்தான் ஈசியூ, அதாவது எஞ்சினின் கணினி, பெட்ரோலை அளந்து விடுகிறது. மீட்டர் வண்டியின் பாடியில் உட்கார்ந்திருக்கிறது, திராட்டில் எஞ்சினில் இருக்கிறது. எஞ்சின் மவுண்டிங்கில் ஆடும், பாடி ஆடாது. நடுவே இருக்கும் ரப்பர் ஹோஸ்தான் அந்த ஆட்டம் முழுவதையும் தாங்குகிறது. 30 வருடம் சூட்டில் வெந்த ரப்பர் மடிப்புகளில், அதுவும் அடிப்பக்கம், விரிசல் விடும். ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும்போது, விரிசல் மூடியே இருக்கலாம். ஆக்ஸிலேட்டரை விட்டு, மறுபடி மிதிக்கும்போது எஞ்சின் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் வரும். அந்தக் கணத்தில் விரிசல் வாய் திறந்து, அளக்கப்படாத காற்று உள்ளே போகும். பெட்ரோல் போதாமல் எஞ்சின் திணறும். கியர் குறைக்கும்போது மட்டும் வருவதன் மர்மம் இவ்வளவுதான்.

மேலிருந்து பார்த்துவிட்டு "ஹோஸ் நன்றாக இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். கழற்றி, கையில் வளைத்து, ஒவ்வொரு மடிப்பையும் விரித்துப் பாருங்கள். கிளாம்பு இறுக்கமாக இருக்கிறதா, எஞ்சின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்பதையும் அதே கையோடு பார்த்துவிடலாம். பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்யூம் ஹோஸ், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை உறிஞ்சும் பிசிவி ஹோஸ் இரண்டும் பட்டியலில் உண்டு. ஸ்மோக் மெஷின் உள்ள பணிமனை என்றால் புகை விட்டுப் பார்ப்பதே சிறந்தது. சூடான எஞ்சின்மேல் கார்புரேட்டர் கிளீனரை அடித்துக் கசிவு தேடாதீர்கள், தீப்பிடிக்கும். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதை ஆதாரமாகக் கொண்டுவராதீர்கள். விரிசல்விட்ட ஹோஸுக்கு என்று ஒரு பிழைக் குறியீடு கிடையாது. விரிசலின்மேல் டேப் சுற்றுவது பணிமனைக்கு ஓட்டிக்கொண்டு வர மட்டும் உதவும்.

அடுத்தது திராட்டில் சுவிட்ச். 1.6 மேனுவலில் இது திறப்பின் அளவைச் சொல்லும் சென்சார் அல்ல. "கால் எடுத்தாயிற்று", "முழுவதும் மிதித்தாயிற்று" என்று இரண்டே செய்திகளைச் சொல்லும் சுவிட்ச். கால் எடுத்த செய்தி வந்து, ஆர்பிஎம்மும் அதிகமாக இருந்தால் ஈசியூ பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களை நிறுத்திவிடும். சுவிட்ச் இடம் மாறி உட்கார்ந்திருந்தால், நீங்கள் லேசாக மிதித்த பிறகும் "கால் எடுத்தாயிற்று" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். திராட்டில் திறந்திருக்கும், பெட்ரோல் வராது. இன்னும் கொஞ்சம் மிதித்ததும் திடீரென்று வரும், வண்டி உதறும். கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். திராட்டில் மூடியிருக்கும்போது ஐடில் முனையில் தொடர்பு இருக்க வேண்டும், சற்றே திறந்ததும் அறுபட வேண்டும். எவ்வளவு திறந்ததும் அறுபட வேண்டும் என்று பார்க்க இடையில் செருகும் தகடான ஃபீலர் கேஜின் அளவை உங்கள் மாடல் ஆண்டுக்கான பணிமனைக் கையேட்டில் இருந்து எடுங்கள். இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்திச் சுவிட்சைத் திருப்பினால் சரியாகிவிடும்.

ஐடிலிங் சரியில்லை என்று யாராவது திராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகியிருந்தால் இந்தச் சுவிட்சின் கணக்கே தப்பிப்போகும். அந்த ஸ்க்ரூவைத் தொடவே கூடாது. ஐடிலிங் சரிசெய்ய திராட்டில் பாடியின் மேல், கறுப்பு ரப்பர் மூடிக்குக் கீழே தனி ஏர் ஸ்க்ரூ இருக்கிறது. டயக்னோசிஸ் பெட்டியில் டிஈஎன் (TEN), ஜிஎன்டி (GND) என்ற இரண்டு முனைகளையும் ஒயரால் இணைத்து 850 ஆர்பிஎம் வையுங்கள். அப்படியே டைமிங் லைட்டில் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், 10 டிகிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். வேலை முடிந்ததும் ஒயரை எடுக்க மறக்காதீர்கள்.

மீட்டரின் மடலை விரலால் மெதுவாகத் தள்ளிப் பார்க்கலாம். எங்கும் சிக்காமல் போய்த் திரும்ப வேண்டும். அதன் கறுப்பு மூடியைத் திறந்து ஸ்பிரிங் பல்சக்கரத்தை நான்கு பல் நகர்த்தினால் பிக்கப் வரும் என்று ஒரு ஆலோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. செய்யாதீர்கள். ஹோஸ் கிழிந்ததை மறைக்க எல்லா ஆர்பிஎம்மிலும் பெட்ரோலை அதிகமாக்குவது வைத்தியம் ஆகாது. 1994 மாடலில் வந்த 1.8 எஞ்சினில் மடல் இல்லை, சூடான கம்பி சென்சார். அதற்கென்றே விற்கும் மாஸ் ஏர்ஃப்ளோ கிளீனர் மட்டும்தான் அடிக்க வேண்டும், கம்பியில் கை படக்கூடாது, காய்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

ஸ்பார்க் பிளக் வயர்கள் இந்த எஞ்சினில் சீக்கிரம் போகும். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டால் கசியும் பொறி கண்ணுக்கே தெரியும். பிளக் இடைவெளி 1.1 மி.மீ. 1991 தொடக்கம் வரை வந்த எஞ்சின்களில் கிராங்க் முனை குட்டையாக இருக்கும். கிராங்க் புல்லியில் எட்டுக்குப் பதிலாக நான்கு பள்ளம் தெரிந்தால், புல்லி தள்ளாடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். கிராங்க் முனையில் பொருந்தும் பூட்டுத் துண்டு (கீ) தேய்ந்து டைமிங் பின்தங்கினால் எஞ்சின் எல்லா நிலையிலும் சோம்பும்.

2005-க்குப் பிந்தைய எம்எக்ஸ்-5-களில் திராட்டில் கேபிள் இல்லை, மோட்டார்தான் திறக்கிறது. அங்கே முதலில் திராட்டில் பாடியில் படிந்த கரியைப் பாருங்கள். வேறு பல நிறுவனங்களின் புதிய கார்களில் பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் சேர்த்து மிதித்தால் ஈசியூவே திராட்டிலை மூடும். குதிகாலால் ஆக்ஸிலேட்டர் தட்டிக் கியர் குறைப்பவர்கள் இதைக் கோளாறு என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அது பாதுகாப்பு ஏற்பாடு. பிரேக்கைத் தொடாமல் தட்டிப் பாருங்கள், திணறல் காணாமல் போகும்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், திணறலோடு பழகிவிடுகிறவர்கள். எஞ்சின் ஏறாத நேரத்தில் கிளட்சை விட்டால் பின்சக்கரங்கள்தான் எஞ்சினை இழுத்து ஏற்ற வேண்டும். ஈரச் சாலையில், வளைவில், பின்சக்கரம் ஓட்டும் இந்த எடை குறைந்த வண்டியில், அது பின்பக்கத்தைச் சுழற்றிவிடும். காப்பாற்ற ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் கிடையாது. பதற்றத்தில் மூன்றுக்குப் பதில் இரண்டு விழுந்தாலோ, அதே 100 கி.மீ. வேகத்தில் எஞ்சின் 7,450-க்குப் போகும். சிவப்புக் கோடு 7,000. ரெவ் லிமிட்டர் பெட்ரோலைத்தான் நிறுத்தும், சக்கரம் இழுத்துச் சுற்றுவதை அதனால் தடுக்க முடியாது.

சரிசெய்யும் வரை பிரேக்கிலேயே வேகத்தைக் குறைத்துவிட்டுக் கியர் இறக்குங்கள். இரண்டாம் கியருக்கு 60-க்குக் கீழே வந்த பிறகு போங்கள், கிளட்சை மெதுவாக விடுங்கள். மழை நாளில் வளைவுக்குள் நுழைந்த பிறகு கியரைத் தொடவே வேண்டாம்.