மெழுகுத் தாளில் தஞ்சைப் பெரிய கோயில்

1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளை, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான கேப்டன் லின்னேயஸ் டிரைப் துண்டு துண்டாகப் படமெடுத்தார். 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே காட்சியாக்கினார். மதுரை, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை என்று அவர் கேமரா போன இடங்கள் இன்னும் உண்டு.

அப்போதே கண்ணாடித் தகட்டில் படமெடுக்கும் முறை வந்துவிட்டது. ஆனால் தகட்டில் பூசிய கொலோடியன் பசை காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். நம் வெயிலில் அது எத்தனை நேரம் தாங்கும்? டிரைப் பெரும்பாலும் காகிதத்தையே நம்பினார். தாளில் மெழுகை உருக்கி ஏற்றினால் நார்களின் இடைவெளி அடைபட்டு ஒளி ஊடுருவும். அதைப் பொட்டாசியம் அயோடைடு கரைசலில் ஊறவைத்துக் காயவைத்து, பிறகு சில்வர் நைட்ரேட்டில் நனைத்தால் தாளுக்குள் சில்வர் அயோடைடு உருவாகும். கழுவி உலர்த்தி வைத்தால் சில நாட்கள் கெடாது. வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம். ஒளி பட்ட தாளில் உடனே எதுவும் தெரியாது. காலிக் அமிலத்தில் மணிக்கணக்கில் கிடந்தால்தான் உருவம் கறுத்து எழும். வெளிச்சமான இடம் கறுப்பாகவும் இருண்ட இடம் வெளிறியும் தெரியும் இதுதான் நெகட்டிவ்.

ஒரே குறை வேகம். ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் ஒளி வேண்டும். கோபுரம் அசையாது, அதனால் கவலையில்லை. குறுக்கே நடந்து போகிறவர்களோ தாளில் சுவடே இல்லாமல் மறைந்துவிடுவார்கள். இந்தப் படங்களில் பிராகாரம் வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்த்து, அன்று கோயிலுக்கு ஆள்வரத்தே இல்லை என்று முடிவுகட்டுவது அவசரம்.

வானமும் அப்படித்தான். சில்வர் அயோடைடு நீலத்துக்கும் ஊதாவுக்கும் மட்டுமே மசியும். பச்சையையும் சிவப்பையும் கண்டுகொள்ளாது. ஆகவே நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்து அச்சில் வெறும் வெள்ளையாகும், மரங்கள் கரிக்கட்டையாகும். டிரைப் நெகட்டிவின் மேலேயே நிறமி தீட்டி மேகங்களை வரவழைத்தார், இலைகளையும் திருத்தினார். அழகான மேகங்கள்தான். ஆனால் அன்றைய வானிலையைப் பற்றி அவை எதையும் சொல்லாது.

அச்செடுக்க நெகட்டிவை உப்பும் சில்வர் நைட்ரேட்டும் ஏற்றிய உப்புத்தாளின் மேல் அழுத்தி வெயிலில் வைப்பார்கள். பெரிதாக்கும் வசதியில்லாததால், படம் எத்தனை பெரிதோ அத்தனை பெரிய நெகட்டிவும், அதற்கேற்ற பெட்டிக் கேமராவும் தேவைப்பட்டன. செலவுக்குக் குறைவில்லை. 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் இதெல்லாம் ஆடம்பரம் என்று கருதினார். மறு ஆண்டு டிரைப்பின் பதவியும் முடிந்தது.