வெள்ளிப் பளபளப்பு கறுப்பில் தொடங்குகிறது

பிளாஸ்டிக் விமான மாதிரியை நிஜ உலோகம்போலப் பளபளக்க வைக்க நாங்கள் பூசுவது அலுமினியத் துகள் கலந்த பெயின்ட். இரும்புக் கேட்டுக்கு அடிக்கும் வெள்ளிப் பெயின்ட்டிலும் அலுமினியத் துகள்தான் இருக்கிறது. ஆனாலும் கேட் சாம்பல் பூத்தே தெரிகிறது. துகள்கள் ஆளுக்கொரு திசையில் சாய்ந்து கிடப்பதால், விழுகிற ஒளி நாலாபுறமும் சிதறிப்போகிறது.

மாசி வீதிப் பாத்திரக் கடையில் புது எவர்சில்வர் தம்ளரை எடுத்தால் முகம் தெரியும். பல வருடம் நார் போட்டுத் தேய்த்த தம்ளரில் வெறும் வெளிச்சம்தான் தெரியும். உலோகம் ஒன்றுதான், நடுவில் வந்தவை கீறல்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். மேடுபள்ளம் அதைவிட மிகச் சிறியதாக இருந்தால்தான் ஒளி கலையாமல் திரும்பும்.

1963-ல் நம் விமானப்படைக்கு வந்த மிக்-21, தொடக்க காலத்தில் உலோக மேனியாகவே பறந்தது. 72-ல் ஒரு பங்கு அளவில் அதன் மாதிரி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் பிளாஸ்டிக். அதில் 0.1 மில்லிமீட்டர் கீறல் விழுந்தால், நிஜ விமானத்தில் 7 மில்லிமீட்டர் பள்ளத்துக்குச் சமம். அதனால்தான் மிக நைசான 2000 நம்பர் உப்புத்தாளை நனைத்து, பொறுமையாக இழைக்கிறோம்.

அடுத்து, பளபளக்கும் கறுப்பு லாக்கர், அதாவது கரைப்பான் ஆவியாகிச் சட்டென்று காயும் பெயின்ட். என்னைக் கேட்டால் வேலையின் உயிரே இதுதான். காய்ந்த கறுப்பில் டியூப்லைட் நேர்க்கோடாகத் தெரிய வேண்டும். இங்கே நெளிந்தால் மேலே என்ன அடித்தாலும் நெளியும். அதன்மேல் நுண்ணிய அலுமினிய லாக்கரை ஏர்பிரஷால் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவும் சிறு கருவி) மிக மெல்லிசாகத் தூவுகிறோம். கரைப்பான் ஆவியாகிப் படலம் சுருங்கும்போது துகள்கள் மீன் செதிள்போலப் படுத்துக்கொள்கின்றன. இடுக்கில் நுழையும் ஒளியைக் கறுப்பு விழுங்கிவிடுகிறது. வெள்ளை அடிப்பூச்சாக இருந்தால் அந்த ஒளி திரும்பி வந்து, எல்லாம் பால் கலந்ததுபோல வெளுத்துவிடும்.

நிஜ விமானம் ஒரே தகடு அல்ல. உலோகக் கலவையும் உருட்டிய திசையும் மாறுவதால் தகட்டுக்குத் தகடு சாயல் வேறு. எஞ்சின் புகைவாய்ப் பக்கம் வெப்பத்தில் ஆக்சைடு படலம் தடித்து வைக்கோல் மஞ்சள், ஊதா, நீலம் என்று நிறம் காட்டும். மறைப்பு டேப்பை உள்ளங்கையில் ஒருமுறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துவிட்டு, ஒவ்வொரு தகடாகப் பிரித்து, ஒரு சொட்டுக் கறுப்போ பழுப்போ கலந்து அடிக்க வேண்டும்.

மதுரைச் சித்திரை வெயிலில் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து, மாவு தூவியதுபோல் சொரசொரப்பாகப் படியும். விடியற்காலையில், ஏர்பிரஷை நெருக்கிப் பிடித்து அடித்தால் ஈரமாக விழுகிறது. ஐப்பசியில் தொல்லை வேறு: வேகமாக ஆவியாகும் கரைப்பான் பரப்பைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் அதில் படிந்து லாக்கர் வெளுத்துப்போகும். மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும்வரை நான் ஏர்பிரஷைத் தொடுவதில்லை.